பெற்றோருக்கு ஒரு வால்ட்ஸ்

அத்தியாயம் ஒன்பது

போன அத்தியாயத்தில் ஹில்லாவைப் பள்ளியின் உடை மாற்றும் அறையில், ஒரு காலில் ஷூவும் மறு காலில் வெறும் சாக்ஸுமாக உட்கார வைத்துவிட்டு வந்தோம். அடுத்த ஷூவை மாட்டத் தெம்பில்லாமல் அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல வேளை, யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் என்ன ஆச்சு என்று கேட்டிருப்பார்கள். அவளும் "ஒண்ணும் இல்ல, பரவாயில்ல" என்று சொல்லியிருப்பாள். எங்கள் காயானி ஊரில் இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டே ஒரு ஆயுளை ஓட்டிவிடலாம்.

அது அப்படிப்பட்ட வாரம். திங்கட்கிழமை கெமிஸ்ட்ரி மறுதேர்வு. செவ்வாய்க்கிழமை ஃப்ளோர்பால் பயிற்சி, உள்ளரங்கில் ஆடும் ஒருவகை ஹாக்கி. ஹில்லா கோல் கீப்பர். அந்த ஆட்டத்தில் கோல் கீப்பருக்கு மட்டை கிடையாது, முட்டி போட்டபடியே பந்தைத் தடுக்க வேண்டும். இரண்டு முட்டியும் கன்றிப்போய் நீலம் பாரித்திருந்தன. புதன்கிழமை சுவீடிஷ் கட்டுரை, அது முடிந்ததும் நடன ஒத்திகை, அதுவும் முடிந்ததும் மாணவர் மன்றத்தோடு சேர்ந்து அரங்கத்துக்குத் தோரணம் கட்டுகிற வேலை.

வியாழக்கிழமை, படிப்பு முடிக்கிற மூன்றாம் ஆண்டுக்காரர்கள் வழக்கப்படி லாரிகளில் ஏறி, ஊர் முழுக்க மிட்டாய் வீசிக்கொண்டே பள்ளியை விட்டுப் போனார்கள். அவர்கள் போன மறுநாள் ஹில்லாவைப் போன்ற இரண்டாம் ஆண்டுக்காரர்கள்தான் பள்ளிக்கு மூத்தவர்கள். அந்தப் பெருமைக்காகப் பெரிய கவுனும் வால் வைத்த கோட்டும் போட்டுக்கொண்டு பழங்கால நடனமெல்லாம் ஆடிக் காட்ட வேண்டும். பகலில் ஊர்ப் பிள்ளைகளுக்கு, சாயங்காலம் பெற்றோருக்கு.

"வெள்ளிக்கிழமை முடியட்டும்" என்று ஹில்லா எல்லாவற்றையும் தள்ளி வைத்திருந்தாள். தூக்கத்தை, நிதானமான சாப்பாட்டை, ஒரு மூச்சு அழுவதை.

அழுவதற்கு என்ன இருக்கிறது என்று புதிதாக வந்தவர்கள் கேட்கலாம். ஆகஸ்ட் மாதம் அவளுடைய அப்பா இல்கா, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஃபிளாட்டுக்குக் குடிபோய்விட்டான். அம்மா தைனா இந்தப் பக்கம் பழைய வீட்டிலேயே இருக்கிறாள். ஹில்லா ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே. வெள்ளிக்கிழமைதான் வீடு மாறும் நாள்.

சண்டை போட்டுப் பிரிந்திருந்தால்கூடத் தேவலை. ஒரு தட்டு உடையவில்லை. வாணலியைத் திருப்பிக் கொடுத்ததற்கு நன்றி சொன்னார்கள். ஒருவர் வழியில் இன்னொருவர் நின்றுவிடக் கூடாது என்பதில் இருவரும் அவ்வளவு கவனமாக இருந்தார்கள். அந்தக் கவனத்தில் நேரடியாகப் பேசிக்கொள்வதே நின்றுபோனது. எல்லாம் ஹில்லா வழியாகத்தான். "குளிர்கால டயர் கேரேஜ்ல இருக்குன்னு அப்பாகிட்ட சொல்லு." "கிறிஸ்துமஸுக்கு எது வசதின்னு அம்மாவக் கேளு." பெயரைக்கூட யாரும் சொல்வதில்லை. அப்பா, அம்மா, அவ்வளவுதான்.

சாயங்கால ஆட்டத்துக்கு ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு டிக்கெட். ஹில்லா ஒன்றை அம்மா வீட்டு ஃப்ரிட்ஜிலும் இன்னொன்றை அப்பா வீட்டு ஃப்ரிட்ஜிலும் காந்தம் வைத்து ஒட்டினாள். நிகழ்ச்சியின் கடைசியில் பெற்றோர் வால்ட்ஸ். பிள்ளைகள் இருக்கை வரிசைக்குப் போய், அப்பாவையோ அம்மாவையோ கையைப் பிடித்து அழைத்து வந்து ஆட வேண்டும்.

"நீ யாரக் கூப்பிடப்போற?" என்று ஒத்திகையில் ஔதி டீச்சர் கேட்டபோது, ஹில்லா "வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம் டீச்சர்" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமைதான் இது.

*

தைனா ஓட்ஸ் கஞ்சிக் கிண்ணத்தை மேசையில் வைத்தபோது, ஹில்லா நெற்றியை மேசையில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஹில்லா. கஞ்சி."

"ம்."

"தலையில கஞ்சி ஒட்டிக்கும். இப்பதான் சுருள் போட்டு விட்டிருக்கேன்."

ஹில்லா நிமிர்ந்தாள். நெற்றியில் மேசை விரிப்பின் சிவப்புக் கோடுகள் அப்படியே பதிந்திருந்தன. தைனாவுக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பெண் எப்போது இவ்வளவு இளைத்தாள்? கேட்டால் பரவாயில்லை என்பாள். அதனால் தைனா கேட்கவில்லை. கஞ்சியில் கூடுதலாக வெண்ணெய் போட்டாள்.

"கெமிஸ்ட்ரி ரிசல்ட் வந்திச்சா?"

"திங்கட்கிழமைதான் வரும்."

"நல்லா எழுதினியா?"

"பரவாயில்ல."

வெளியே பனி அள்ளும் வண்டி தெருவை உரசிக்கொண்டு போனது.

"சாயங்காலம்..." என்று தைனா தொடங்கினாள். முதுகைக் காட்டிக்கொண்டு, காபி மெஷினிடம் பேசுவதுபோல் பேசினாள். "ஷிஃப்ட் மாத்திட்டாங்கடி. கூட வேலை பாக்கற மெர்யாவுக்குக் காய்ச்சல். நான் போயே ஆகணும். அப்பா வருவார்ல? வால்ட்ஸுக்கு அப்பாதான் சரி. நான் கால மிதிச்சிருவேன்."

ஹில்லா ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

தைனா முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே கையில் மோதிரம் கூடாது, நகப்பூச்சு கூடாது. இதைச் சொல்லிச் சொல்லி அவளே எத்தனையோ தடவை அலுத்துக்கொண்டிருக்கிறாள். காபிக் கோப்பையைப் பிடித்திருந்த அவள் விரல்களில் இப்போது புத்தம் புதிய சிவப்புப் பூச்சு பளபளத்தது. நேற்றுப் போட்டிருக்க வேண்டும். நடனத்துக்கு வரத்தான் போட்டிருக்கிறாள். பிறகு ராத்திரி ஏதோ யோசித்து மனசை மாற்றிக்கொண்டிருக்கிறாள்.

என்ன யோசித்திருப்பாள் என்று ஹில்லாவுக்குத் தெரியும். நானும் அங்கே உட்கார்ந்திருந்தால் பிள்ளை யாரைக் கூப்பிடுவது என்று திணறுவாள். நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

'அம்மா, நகம்' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒரு பேச்சு தொடங்கும். அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டு ஆற்றைத் தாண்டிப் போய் அப்பாவிடம் சொல்ல வேண்டும். அவருடைய பதிலைத் தூக்கிக்கொண்டு திரும்பி வர வேண்டும்.

"சரி," என்றாள் ஹில்லா.

"கோவமில்லையே?"

"இல்லம்மா. பரவாயில்ல."

*

பகல் ஆட்டம் ஒருவழியாக முடிந்தது. கீழ் வகுப்புப் பிள்ளைகள் விசிலடித்தார்கள். ஒரு சின்னப் பெண் ஹில்லாவின் பச்சைக் கவுனைத் தொட்டுப் பார்த்துவிட்டு "நீ இளவரசியா?" என்று கேட்டாள். "இல்ல, கோல் கீப்பர்" என்றாள் ஹில்லா. அந்தப் பெண் நம்பவில்லை.

ஹில்லாவின் ஜோடி நீலோ. ஒல்லியான, நல்ல மனசுள்ள பையன். எதையும் சீரியஸாக எடுத்துக்கொள்ள மாட்டான். கவுனின் ஓரத்தை அன்று காலையில் மட்டும் மூன்று தடவை மிதித்திருந்தான்.

"உன் பாவாடை தரையவிடப் பெருசா இருக்கு," என்றான். "நான் எங்கதான் கால வெக்கறது?"

"உன் ஷூக்குள்ளயே வெச்சுக்க."

"சாயங்காலம் எங்கம்மா என்கூட ஆடப்போறாங்க. ஒரு மாசமா சமையலறையில நாற்காலியப் பிடிச்சுட்டுப் பயிற்சி. எங்கப்பா உக்காந்து பாத்துச் சிரிக்கிறார். உனக்கு யாரு?"

ஹில்லா பதில் சொல்வதற்குள் அவள் போன் அதிர்ந்தது. இல்கா. வாசலில் இருக்கிறேன், பைகளை எடுத்துக்கொள்ளட்டுமா?

வீடு மாறும் நாளாயிற்றே. புத்தகப் பை, துணிப் பை, எல்லாவற்றையும்விடப் பெரிய கோல் கீப்பர் பை. மூன்றையும் நீலோவும் அவளுமாக நடைபாதையில் இழுத்துக்கொண்டு போனார்கள். இல்கா தன் எலக்ட்ரீசியன் வேனைக் கதவுக்கு நேராக நிறுத்தியிருந்தான்.

அவன் மகளைக் கவுனில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"நல்லா இருக்கு," என்றான்.

இல்காவிடமிருந்து இதற்கு மேல் ஒரு பாராட்டு வராது. கல்யாணத்தன்று தைனாவிடமும் இதையேதான் சொன்னான்.

"இந்தா." காகிதப் பை ஒன்றை நீட்டினான். உள்ளே பிப்ரவரியில் மட்டும் கிடைக்கிற க்ரீம் பன். இல்காவுக்கு அதில் பாதாம் விழுது இருந்தால்தான் பிடிக்கும், ஹில்லாவுக்கு ஜாம். அவன் ஜாம் வைத்ததுதான் வாங்கியிருந்தான். நீலோ தன் கழுத்துத் துண்டை எடுத்து அவள் மார்பில் குழந்தைக்குக் கட்டுவதுபோல் கட்டிவிட்டான். ஹில்லா நின்ற இடத்திலேயே தின்றாள். காலையிலிருந்து கஞ்சிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"மூக்குல க்ரீம்," என்றான் இல்கா. துடைக்கக் கையை நீட்டினான், பிறகு விரல்களில் மசகு இருப்பதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டான்.

"சாயங்காலம்..." என்று தொடங்கினான்.

ஹில்லாவுக்கு உடனே புரிந்துவிட்டது. காலையில் கேட்ட அதே தொனி.

"ஔலு டவுன்ல ஒரு வேலை மாட்டிக்கிச்சு. ஒரு கடையில கரன்ட் இல்ல. நான் திரும்பி வர ராத்திரி ஆயிடும். ஆனா அம்மா இருப்பாள்ல. இத்தன வருஷம் உனக்குத் தலை பின்னி விட்டது அவதானே. அவகூட ஆடறதுதான் முறை."

ஹில்லா அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். வேனுக்குள், ஒயர் சுருள்களுக்கு நடுவே, சலவைக் கடையின் பிளாஸ்டிக் உறைக்குள் அவனுடைய கறுப்பு சூட் தொங்கிக்கொண்டிருந்தது. கடையில் கரன்ட் ரிப்பேர் பண்ண யாரும் சூட் எடுத்துப் போக மாட்டார்கள்.

"சரிப்பா," என்றாள்.

"கோவமில்லையே?"

"இல்ல. பன்னுக்கு தேங்க்ஸ்."

வேன் போன பிறகும் ஹில்லா கழுத்தில் துண்டோடு அங்கேயே நின்றாள். நீலோ ஏதோ ஜோக் சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கிக்கொண்டான்.

"ரெண்டு பேரும் வரல," என்றாள் ஹில்லா. "அம்மா அப்பாவுக்காக ஒதுங்கறாங்க. அப்பா அம்மாவுக்காக ஒதுங்கறார்."

"அட லூசு! அத அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே. போன் பண்ணு. அம்மா வரலன்னு சொன்னா அவர் இப்பவே சூட்ட மாட்டிட்டு ஓடி வருவார்."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"ஆகஸ்ட்லேர்ந்து நான்தான் எல்லாத்தையும் சொல்லிட்டிருக்கேன். டயர், கிறிஸ்துமஸ், பல் டாக்டர், எல்லாம். போஸ்ட்மேன் மாதிரி." அவள் குரல் உயரவில்லை. உயர்த்தத் தெம்பில்லை. "இன்னிக்கு ஒரு நாள் நான் எதையும் தூக்கிட்டுப் போகல. நான் சொல்லாம யாராவது ஒருத்தர் வரணும் நீலோ. யாரா இருந்தாலும் சரி. எனக்கு அது போதும்."

"வரலன்னா?"

ஹில்லா துண்டை அவிழ்த்து அவனிடம் கொடுத்தாள்.

"வரலன்னா வெள்ளிக்கிழமை முடிஞ்சுரும்ல."

*

சாயங்காலம் அரங்கம் நிரம்பி வழிந்தது. வாசலில் பனி பூட்ஸுகள் மலையாகக் குவிந்திருந்தன. பியானோவும் வயலின்களும் தொடங்கின. ஜோடி ஜோடியாகக் கைகோத்து மெல்ல உள்ளே நடந்தார்கள். கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவே மஞ்சள், ஊதா, வெள்ளை, பச்சை என்று கவுன்கள்.

உள்ளே நுழைந்ததும் ஹில்லா இருக்கைகளைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். முதல் நடனம், இரண்டாவது நடனம், குதித்துக் குதித்து ஆடும் அந்தப் பாழாய்ப்போன மூன்றாவது நடனம். வளையம் வைத்த உள்பாவாடை ஒவ்வொரு குதிப்பிலும் கன்றிய முட்டியில் இடித்தது. நீலோ வியர்த்து ஊற்றினான்.

"சிரி," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "டீச்சர் பாக்கறாங்க."

"சிரிச்சுட்டுத்தான் இருக்கேன்."

"அதுவா சிரிப்பு? பல்வலி மாதிரி இருக்கு."

அதைக் கேட்டு அவள் நிஜமாகவே சிரித்தாள். சிரித்த வேகத்தில் கண் தானாகவே இருக்கைகளின் பக்கம் போய்விட்டது. மூன்றாவது வரிசை. நீலோவின் அம்மா, நீலோவின் அப்பா, அவர்களுக்குப் பக்கத்தில் இரண்டு காலி நாற்காலிகள். இவ்வளவு கூட்டத்தில் காலியாக இருந்தவை அந்த இரண்டும்தான். யாரோ அதில் ஒன்றின் மேல் கோட்டைக் கழற்றிப் போட்டிருந்தார்கள்.

தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அடுத்த திருப்பத்தில் அவள் தப்பான பக்கம் சுழன்றாள்.

பெற்றோர் வால்ட்ஸுக்கு அரங்கம் போதாது என்பதால் ஔதி டீச்சர் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்திருந்தாள். நீலோ முதல் சுற்று, ஹில்லா இரண்டாவது சுற்று. முதல் சுற்றுக்கு இசை தொடங்கியது. நீலோவின் அம்மா எழுந்து வரும்போதே அழுதுகொண்டு வந்தாள். நீலோ போகிற போக்கில் ஹில்லாவிடம் குனிந்தான்.

"எங்கப்பாவ அனுப்பட்டுமா? அவர் ரெடியா இருக்கார்."

"வேணாம்."

"ஹில்லா..."

"போ. உங்கம்மா நிக்கறாங்க."

அவள் சுவரோரமாக நகர்ந்து, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். பூட்ஸ் மலையிலிருந்து கிடைத்த ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டாள். யாருடையதோ, பெரியது. யாருடைய ஜாக்கெட்டோ தோளில். யாரையும் தேடிக்கொண்டு போகவில்லை. பாட்டு கேட்காத இடத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

வெளியே குளிர் முகத்தில் அறைந்தது. வண்டி நிறுத்துமிடம் முழுக்க வெள்ளையாக உறைந்து கிடந்தது. எல்லா வண்டிகளும் விளக்கணைந்து, கண்ணாடியில் பனி படர்ந்து நின்றன.

இரண்டைத் தவிர.

குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்புக் கார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஆள் இருப்பதால் கண்ணாடி மங்கியிருந்தது. அங்கே, எதிர்க்கோடியில், சைக்கிள் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேன். அதிலும் புகை வந்துகொண்டிருந்தது.

ஹில்லா சிவப்புக் காரின் கண்ணாடியைத் தட்டினாள். கண்ணாடி இறங்கியது. தைனா நீல மேல்சட்டை போட்டிருந்தாள். உதட்டுச் சாயம், காதில் தொங்கட்டான். மடியில் டிக்கெட்.

"நீ ஏன் வெளிய வந்த? சளி பிடிக்கும்!" என்றவள், உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான்... ஷிஃப்ட் சீக்கிரம் முடிஞ்சுது. சும்மா பாட்டு கேக்குமேன்னு வந்தேன். உள்ள வரல, பயப்படாத. அப்பா எப்படி ஆடறார்?"

ஹில்லா பேசாமல் கையை நீட்டி எதிர்க்கோடியைக் காட்டினாள்.

தைனா எட்டிப் பார்த்தாள். வேனை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்டுகொண்டதும் அவள் முகம் மெல்ல மாறியது.

ஹில்லா அங்கே நிற்கவில்லை. கவுனின் ஓரம் பனியில் இழுபட, வேனுக்கு நடந்தாள். இல்கா ஏற்கெனவே கதவைத் திறந்துவிட்டான். கறுப்பு சூட், டை எல்லாம் போட்டு, மேலே வேலைக்குப் போகிற தடித்த ஜாக்கெட்.

"அம்மா எங்க உக்காந்திருக்கா?" என்று கேட்டான். "நல்லா தெரியற இடமா?"

"நல்லா தெரியற இடம்தான். குப்பைத் தொட்டி பக்கத்துல."

இல்கா திரும்பிப் பார்த்தான். சிவப்புக் காருக்கு வெளியே தைனா நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவு தூரத்தில் இருந்தும் அவள் என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைவது தெரிந்தது. இல்கா தன் காதைத் தேய்த்தான். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஆறு மாதமாகப் பழகிய பழக்கம் போலிருக்கிறது, இருவரும் ஹில்லாவைத்தான் பார்த்தார்கள். அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார்கள்.

ஹில்லா நிறுத்துமிடத்தின் நடுவில் வந்து நின்றாள். இருவருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள். கத்தவில்லை.

"இந்த வாரம் நான் எல்லாத்தையும் செஞ்சேன். பரீட்சை எழுதினேன், கட்டுரை எழுதினேன், பந்தத் தடுத்தேன், தோரணம் கட்டினேன். இது ஒண்ணு என்னால ஆகாது. உங்க ரெண்டு பேருல ஒருத்தர நான் பொறுக்கி எடுக்க மாட்டேன். இப்ப உள்ள போறேன். பாட்டு ஆரம்பிச்சதும் நடுவுல நிப்பேன். யாரு வர்றதுன்னு நீங்களே பேசிக்குங்க."

"ஹில்லா, நீ யார் வரணும்னு நெனைக்கறியோ..." என்று தொடங்கினான் இல்கா.

"அதத்தான் கேக்காதீங்கன்னு சொல்றேன்!"

திரும்பி நடந்தாள். பெரிய பூட்ஸ் காலில் நிற்காமல் தடக் தடக்கென்று அடித்தது. பின்னால் ஒரு கார்க் கதவு மூடும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

*

இரண்டாவது சுற்றுக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். அப்பாக்கள் கோட்டு நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அம்மாக்கள் கைப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தார்கள். ஹில்லா நடுவில் தனியாக நின்றாள். ஔதி டீச்சர் அவளைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், வயலின்காரருக்குக் கையைக் காட்ட முடிந்தவரை நேரம் கடத்தினாள். அதற்கு மேல் முடியாதபோது கையைக் காட்டினாள்.

இசை தொடங்கியது. சுற்றிலும் எல்லாரும் சுழலத் தொடங்கினார்கள்.

கதவு திறந்தது.

இருவரும் வந்திருந்தார்கள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. தைனாவின் முடியில் பனி. இல்காவின் டை தோளுக்குப் பின்னால் போயிருந்தது.

தைனா ஒரு அடி பின்னால் எடுத்து வைத்து, கையால் வழி காட்டினாள். நீ போ.

இல்கா தலையை ஆட்டிவிட்டு, இவனும் கையைக் காட்டினான். இல்ல, நீ போ.

தைனா மறுபடியும்.

இல்கா மறுபடியும்.

இரண்டு நல்ல மனிதர்கள், அவ்வளவு மரியாதையாக, ஒருவருக்கொருவர் வழி விட்டுக்கொண்டு கதவோரத்தில் நின்றார்கள். வால்ட்ஸ் பாதியைத் தாண்டிவிட்டது.

ஹில்லா அதற்கு மேல் நிற்கவில்லை. மயக்கமெல்லாம் இல்லை, அவளாகத்தான் உட்கார்ந்தாள். நடன அரங்கின் நட்டநடுவில், பச்சைக் கவுன் சுற்றிலும் குடையாக விரிய, கன்றிய முட்டிகளை மடக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நல்ல தரை. குளிர்ச்சியாக இருந்தது. இந்த வாரத்தில் முதல் தடவையாக எங்கேயும் போக வேண்டியதில்லை.

வயலின்காரர் ஒரு கணம் தடுமாறினார். ஔதி டீச்சர் நிறுத்த வேண்டாம் என்று சைகை காட்டினாள். ஜோடிகள் அவளை இடிக்காமல் விலகி விலகிச் சுழன்றார்கள்.

அப்போதுதான் ஓடி வரும் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு ஜோடிக் கால்கள். இந்தத் தடவை யாரும் யாருக்கும் வழி விடவில்லை. பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ ஒரு பக்கம் நின்றது, பனி அப்பிய பூட்ஸ் மறு பக்கம்.

"அடி பட்டுச்சா?" என்றாள் தைனா.

"தலை சுத்துதா?" என்றான் இல்கா.

"பரவா..." என்று தொடங்கிய ஹில்லாவுக்கு அந்தச் சொல் பாதியிலேயே தீர்ந்துபோனது. தேடினாள், கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது.

"முடியலம்மா," என்றாள். "அப்பா, என்னால முடியல."

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்கு அப்பால் என்று தள்ளி வைத்ததெல்லாம் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது.

ஊரே பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில், இருமக்கூட யோசிக்கிற மனிதன் இல்கா. அவன் சூட் பேன்ட்டைத் தொடையில் இழுத்துவிட்டுக்கொண்டு, மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். தைனா மறு பக்கம் உட்கார்ந்தாள். சிவப்பு நகங்கள் மகளின் முதுகைத் தடவின. சுற்றிலும் வால்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது.

"எவ்ளோ நாளா முடியல?" என்று கேட்டாள் தைனா.

"ஆகஸ்ட்லேர்ந்து."

தைனா மகளின் தலையிலிருந்து ஹேர்பின்களை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினாள். இல்கா உள்ளங்கையை நீட்டினான், அவள் அவற்றை அதில் போட்டாள்.

பாட்டு முடிந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். யாருக்குத் தட்டினார்கள் என்று தெரியவில்லை. ஹில்லா அம்மாவின் தோளில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"பையெல்லாம் அப்பா வேன்ல இருக்கு. என் தலையணை அம்மா வீட்ல இருக்கு. இன்னிக்கு நான் எங்க தூங்கறது?"

"நீ எங்க..." என்று இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

மகளின் தலைக்கு மேலாக, ஆறு மாதத்தில் முதல் தடவையாக, அவர்கள் ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்தார்கள்.

"இல்கா," என்றாள் தைனா. "நாம பேசணும்."